அசிசி, ஸ்பெல்லோ, மலைக்கோட்டை: கோடையில் ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

இத்தாலியின் நடுவில் உம்ப்ரியா என்றொரு பகுதி. கடல் கிடையாது, மலைச்சரிவும் ஒலிவத் தோப்பும்தான். அதன் தலைநகரான பெருஜாவில் தங்கினால் ஸ்பெல்லோ, அசிசி என்ற இரண்டு பழைய ஊர்களையும் ஒரு மலைக்கோட்டையையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஜூலை, ஆகஸ்டில் சில நாட்களில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். அதனால் எந்த இடத்துக்கு எப்போது போகிறோம் என்பதுதான் முக்கியம். நான் முதல் முறை போனபோது நடுமதியத்தில் கோட்டைக்கு ஏறினேன், தலைவலியோடு பாதியில் இறங்கினேன். இப்போது சொல்லும் வரிசை அப்புறம் கற்றுக்கொண்டது.

படி 1: காலையில் ரயில்

ஃபொலிஞ்ஞோ பக்கம் போகும் உள்ளூர் ரயிலைப் பிடியுங்கள். அசிசிதான் முதலில் வரும், இறங்காதீர்கள், ஸ்பெல்லோவில் நிற்கும் ரயில்தானா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம்.

படி 2: வெயில் ஏறும் முன் ஸ்பெல்லோ

ஸ்டேஷனிலிருந்து நடந்தே ரோமானியர் கட்டிய வாசலுக்குப் போய்விடலாம். அங்கிருந்து சந்துகள் மேலே ஏறும், வீட்டுக்கு வீடு பூந்தொட்டி. சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில் ஓவியர் பிந்துரிக்கியோ 1501-இல் வரைந்து முடித்த சிற்றாலயம் இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். மரியாளுக்குத் தேவதூதர் செய்தி சொல்லும் ஓவியத்தில், அலமாரிப் பலகைக்குக் கீழே, சட்டமிட்டு மாட்டிய சின்னப் படம் ஒன்று தெரியும். அது ஓவியரின் முகமேதான்! மதியம் சிறிய தேவாலயங்களை மூடிவிடுவார்கள், அதற்குள் பார்த்துவிடுங்கள்.

படி 3: சாப்பாடு, பிறகு அசிசி

தோர்த்தா அல் தெஸ்தோ என்று ஒரு தட்டை ரொட்டி, கல்லில் சுட்டு நடுவில் பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்துத் தருவார்கள். சைவக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு. அப்புறம் வந்த வழியே ரயிலில் அசிசி. ஸ்டேஷன் கீழே சமவெளியில், ஊர் மேலே மலையில், அதனால் பஸ் எடுங்கள், பசிலிக்கா என்ற பெரிய தேவாலயத்தின் பக்கத்து நிறுத்தத்தில் இறங்குங்கள்.

படி 4: உச்சிவெயிலுக்கு பசிலிக்கா

இந்த ஊரில் பிறந்த துறவி புனித பிரான்சிஸின் பசிலிக்கா, கட்டுமானம் 1228-இல் தொடங்கியது. தடித்த கல் சுவர், உள்ளே குளுமை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும். கீழ்க்கோயில், கல்லறை, அப்புறம் மேல்கோயில் என்று போங்கள். மேலே அவர் வாழ்க்கையைச் சொல்லும் 28 சுவரோவியங்கள் இருக்கின்றன. ஜொத்தோ வரைந்தவை என்பார்கள், அறிஞர்களிடையே அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. வாசலின் உட்புறச் சுவரில் அவர் குனிந்து பறவைகளோடு பேசுகிறார், பின்னால் நிற்கும் துறவி வியந்து கையை உயர்த்துகிறார். நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். 1997 செப்டம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்தக் கோயிலின் கூரை இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். உதிர்ந்த ஓவியங்களைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள், அண்ணாந்து பார்த்தால் விட்டுப்போன இடங்கள் தெரியும்.

படி 5: சாயங்காலம் கோட்டை

நடுச் சதுக்கத்தில் ரோமானிய மினர்வா கோயிலின் தூண்களைப் பார்த்துவிட்டு, குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, சான் ருஃபீனோ தேவாலயம் வழியாக ஏறுங்கள். ஏற்றம் செங்குத்துதான், அவசரப்பட வேண்டாம். மேலே ரோக்கா மஜ்ஜோரே என்ற கோட்டை. 1198-இல் ஊர்மக்களே பழைய கோட்டையை இடித்துத் தள்ளினார்கள், பிரான்சிஸ் அப்போது பதினாறு பதினேழு வயதுப் பையன். இப்போது நிற்பது 14-ஆம் நூற்றாண்டில் கர்தினால் அல்போர்னோஸ் திரும்பக் கட்டியது, பிறகு விரிந்தது. மதிலுக்குள்ளேயே ஓடும் நீண்ட இருட்டுப் பாதை கோடியில் உள்ள கோபுரத்துக்குப் போகிறது. ஆள் ஒருவர் போகும் அகலம்தான், மூடிய இடம் பயம் என்றால் தவிர்த்துவிடுங்கள். கோட்டை மூடும் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், முன்பே பாருங்கள்.

வெளியே வந்து மதிலடியில் உட்காருங்கள். சுபாசியோ மலையின் வெளிர் ரோஜாக் கல்லில் கட்டிய ஊர் முழுக்க சாயங்கால வெளிச்சத்தில் மெல்ல நிறம் மாறும், ஜூலையில் எட்டரை மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். இறங்கும்போது மத்தேயோத்தி சதுக்கத்துக்கு வந்தால் ஸ்டேஷனுக்கு பஸ் கிடைக்கும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மதியமே குறித்து வைத்திருங்கள்.