ரூலெட் சூத்திரத்தைப் புளியங்கொட்டை வைத்துச் சோதிப்பது எப்படி?

என் அண்ணன் மகன் சேதராப்பட்டில் வேலை பார்க்கிறான். நண்பர்களோடு கோவாவில் கேசினோ என்னும் சூதாட்ட விடுதிக்குக் கிளம்ப இருந்தவன், திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக்கு வந்து ரூலெட் சூத்திரம் எழுதிய ஒரு நோட்டை நீட்டினான். "அத்தை, நீங்க கணக்கு டீச்சரா இருந்தவங்க. இதுல தோக்கவே முடியாது, பாருங்க." ரூலெட்டில் சுழலும் சக்கரத்தில் பந்து எந்த நிறக் கட்டத்தில் விழும் என்று பணம் கட்டுவார்கள்; சரியாக இருந்தால் கட்டிய அளவே லாபம். அவன் சூத்திரம்: சிவப்பில் 100 ரூபாய் கட்டுவது, தோற்றால் 200, அப்புறம் 400. சிவப்பு என்றைக்காவது வந்துதானே ஆகணும்? வந்ததும் போனதெல்லாம் திரும்பி, மேலே 100 லாபம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி வந்தால் திட்டாதீர்கள். உட்கார வைத்து விளையாட விடுங்கள்.

சக்கரத்தின் 37 கட்டங்களுக்குப் பதிலாக ஒரே தாளில் 37 சீட்டுகள் வெட்டுங்கள். 18 சிவப்பு, 18 கறுப்பு, ஒன்றில் பூஜ்யம் (அது வந்தாலும் தோல்விதான்). ஒரே மாதிரி மடித்து எவர்சில்வர் தூக்கில் போடுங்கள். அடுத்து 127 புளியங்கொட்டை. ஒரு கொட்டை 100 ரூபாய். (பண்ருட்டிப் பலாக்கொட்டை வேண்டாம், மேசை கொள்ளாது.) ஒரு சீட்டை எடுத்துப் பார்த்ததும் திரும்ப மடித்துப் போட்டுக் குலுக்க வேண்டும். இதை மறந்தால் சோதனையே தப்பு. கேசினோ மேசையில் ஒரு தடவை கட்டும் பணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு வரும் வரை ஆடுவது ஒரு சுற்று. முதல் 40 சுற்று அவன்தான் ராஜா. கையில் 167 கொட்டை. 41ஆவது சுற்றில் தொடர்ந்து ஏழு முறை சிவப்பு வரவில்லை. 1, 2, 4, 8, 16, 32, 64: மொத்தம் 127 கொட்டை போய்விட்டது. எட்டாவது தடவைக்கு 128 கட்ட வேண்டும். 12,800 ரூபாய், வரம்பு விடாது. வரம்பு இல்லாவிட்டாலும் கையில் இருந்தது 40தான்.

"கெட்ட நேரம் அத்தை. அஞ்சு கறுப்பு வரிசையா வந்தப்புறம் ஆரம்பிச்சா?" என்றான். 1913இல் மாண்டி கார்லோவில் கறுப்பு வரிசையாக 26 தடவை விழுந்தது. இனிமேல் சிவப்புதான் என்று நம்பிக் கட்டியவர்கள் பெரும் பணத்தை இழந்தார்கள். தூக்குக்குள் போன சீட்டுக்கு முன்னால் வந்தது எது என்று தெரியாது. ஏழு முறை தொடர்ந்து தோற்பது ஏறத்தாழ 106 சுற்றுக்கு ஒரு தடவை. மற்ற 105 சுற்றிலும் ஜெயித்தால் வருவது 10,500 ரூபாய். அந்த ஒன்றில் போவது 12,700. பூஜ்யச் சீட்டு ஒன்று கூடுதலாக இருப்பதால்தான் இந்தப் பள்ளம்.

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது: கேமராவில் பார்த்து வெளியே அனுப்பிவிடுவார்களாம். இந்தச் சூத்திரத்துக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். முந்தைய எண்களைக் காட்டும் பலகையைப் பல இடங்களில் அவர்களே வைக்கிறார்கள். ஒரு வித்தையைச் சோதிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்: கேசினோ எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் விழுந்த சீட்டுகளை மனதில் எண்ணுபவரைக் கண்காணிக்கிறார்கள். அங்கே எடுத்த சீட்டு அடுத்த கலைப்பு வரை திரும்பாது, ஆகவே மிச்சத்தைப் பற்றி ஏதோ தெரியும். அதனால்தான் ஓயாமல் கலைக்கும் மெஷினை வைக்கிறார்கள். ரூலெட்டில் பந்து விழுந்த பிறகு சில்லை (பணத்துக்குப் பதில் வைக்கும் வில்லையை) நகர்த்தும் கையைப் பிடிக்கத்தான் கேமரா. சீட்டுப் போடுபவரே மேசையை விட்டுப் போகும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. மூன்றாம் நாள் அவன் திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தான். பார்த்தால், பூஜ்யச் சீட்டின் மூலை கசங்கியிருந்தது. விரலால் தடவி அதை ஒதுக்கிக்கொண்டிருந்தான். சக்கரம் சாய்ந்திருந்தால் சில எண்கள் அதிகம் விழும்; கேசினோவில் அந்தச் சாய்வைச் சோதிப்பது இப்படிக் குறையைக் கண்டுபிடித்து ஆடுபவர்களுக்குப் பயந்துதான். நீங்களும் தினமும் புதுச் சீட்டு வெட்டிவிடுங்கள்.