கால் கட்டைவிரல் எலும்பு துருத்தலுக்கு ஆபரேஷன்: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால் கட்டைவிரலின் அடியில் எலும்பு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், விரலின் நுனி பக்கத்து விரல் மேல் சாயும். டாக்டர் சீட்டில் ஹாலக்ஸ் வால்கஸ் என்றோ பன்யன் என்றோ எழுதியிருப்பார். இதற்கு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று கேட்கும் நிறையப் பேர் முதலில் நீட்டுவது கால் போட்டோவைத்தான். எவ்வளவு கோணலாக இருக்கிறது பாருங்கள் என்பார்கள். வலிக்கிறதா என்று கேட்டால் "வலி அப்படியொன்றும் இல்லை" என்று பதில் வரும். வலி இல்லையென்றால் ஆபரேஷன் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து.

அழகுக்காக மட்டும் இதைச் செய்வதை எலும்பு மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போடுகிற வேலை இது. அப்புறம் மூட்டு இறுகிப்போகலாம், விரலில் ஒரு பக்கம் மரத்தே இருக்கலாம், கட்டைவிரல் தாங்கிய பாரம் பக்கத்து விரல்களின் அடிக்கு மாறி அங்கே புதிதாக வலி கிளம்பலாம், சில வருடம் கழித்து கோணலே திரும்பவும் வரலாம். தினமும் வலியோடு நடப்பவர் இந்த அபாயங்களை எடை போட்டுப் பார்த்து சரி என்று சொல்வதில் நியாயம் இருக்கிறது. வலியே இல்லாதவருக்கு இதில் கிடைக்க என்ன இருக்கிறது? "இப்பவே செஞ்சுட்டா பின்னாடி மோசமாகாதே" என்ற வாதமும் நிற்காது. சிலருக்குக் கோணல் கூடிக்கொண்டே போகும், சிலருக்குப் பல வருடம் அப்படியே இருக்கும், உங்களுடையது எந்த வகை என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அவசரப்படுவது இன்னும் தவறு, எலும்பு வளர்ந்து முடியும் முன் செய்தால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம்.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு, எனக்கு அதுதான் அதிக வருத்தம் தருவது. வருடக்கணக்காக வலியோடு சமையலறையிலும் கடையிலும் வகுப்பறையிலும் நின்றுகொண்டே இருப்பது, யாரோ ஒருவர் "ஆபரேஷன் பண்ணாலும் திரும்ப வந்துடும்" என்று சொன்னதை நம்பி டாக்டரிடமே போகாமல் இருப்பது. பெரும்பாலும் பெண்கள்தான் இப்படித் தாங்கிக்கொள்கிறார்கள். பின்லாந்தில் வலியுள்ள 209 பேரை மூன்று குழுவாகப் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு 2001-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஆபரேஷன், ஒரு குழுவுக்குச் செருப்புக்குள் வைக்கும் பிரத்யேக மெத்தை, இன்னொன்றுக்கு வெறும் காத்திருப்பு. ஆறு மாதத்தில் மெத்தை போட்டவர்களுக்கு ஓரளவு நிவாரணம் இருந்தது, வருட முடிவில் அது நிலைக்கவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வருட முடிவிலும் நன்றாக இருந்தார்கள். ஆக, சரியான ஆளுக்குச் செய்தால் இது பலன் தரும் சிகிச்சைதான்.

அந்தச் சரியான ஆள் நீங்கள்தானா என்று பார்க்க, முதலில் செருப்பை மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். இதைச் செய்யாமலே தேதி குறிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாளில் எழுந்து நின்று காலைச் சுற்றிக் கோடு வரையுங்கள், அதன் மேல் உங்கள் ஷூவை வையுங்கள், கோடு வெளியே தெரிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகலானது. கட்டைவிரலை வளையத்துக்குள் நுழைக்கும் செருப்பு, கூர்முனை ஷூ, ஹீல்ஸ் மூன்றையும் சில மாதம் ஒதுக்கிவிட்டு, முன்பக்கம் அகலமான, அடிப்பாகம் மெத்தென்று இருக்கும் செருப்பு போட்டுப் பாருங்கள், மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் கொண்ட எம்.சி.ஆர். செருப்பு கூடப் போதும். நிறையப் பேருக்கு இதிலேயே வலி அடங்கிவிடுகிறது. ஆன்லைனில் விற்கும் இரவு நேரக் கட்டும் விரலிடைச் சிலிக்கானும் உராய்வைக் குறைக்கும், அவ்வளவுதான். வளைந்த எலும்பை அவை நிரந்தரமாக நேராக்காது.

வலி உண்மையிலேயே இதனால்தான் வருகிறதா என்பதும் முக்கியம். திடீரென்று ஒரு ராத்திரியில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது யூரிக் ஆசிட் கூடி வரும் கவுட்டாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு. புடைப்பு மூட்டின் மேல்பக்கம் இருந்து விரலை மேலே மடக்கவே முடியவில்லை என்றால் அது மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், அதற்குச் செய்யும் ஆபரேஷனும் வேறு.

சரி, ஆபரேஷன்தான் என்று முடிவாகும் கட்டத்தில் வருகிற பெரிய தவறு, "எந்த ஆபரேஷன்?" என்று கேட்காமல் விடுவது. துருத்திக்கொண்டு நிற்பது புதிதாக முளைத்த எலும்பு என்றும் அதைச் சீவி எடுத்தால் முடிந்தது என்றும் பலர் நினைக்கிறார்கள். பாதத்தின் உள்ளே இருக்கும் நீள எலும்பு ஒரு பக்கமும் விரல் இன்னொரு பக்கமும் விலகிப்போனதால்தான் அந்த முனை வெளியே தெரிகிறது. சீவிவிட்டு மட்டும் விட்டால் விலகல் அப்படியே இருக்கும், கோணல் திரும்பி வர அதுவே வழி. இதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட அறுவை முறைகள் உண்டு. மிதமான கோணலுக்கு எலும்பின் முனைப்பக்கத்தை வெட்டி நகர்த்தும் செவ்ரான், அதைவிடக் கூடுதலாக இருந்தால் எலும்பின் நீளத்துக்கு வெட்டும் ஸ்கார்ஃப், நடுப்பாத மூட்டே தளர்ந்திருந்தால் அதை இணைத்துவிடும் லேபிடஸ் என்று போகும். எது பொருந்தும் என்று தீர்மானிக்க நின்றபடி எடுத்த எக்ஸ்ரே வேண்டும். படுக்க வைத்து எடுத்த படத்தில் பாரம் விழாததால் கோணம் குறைவாகத் தெரியலாம். விரல் சாய்வு 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு, 40-ஐத் தாண்டினால் தீவிரம் என்பது பொதுக் கணக்கு. அதற்காக டிகிரியை மட்டும் பார்த்து கத்தி எடுக்கக் கூடாது.

மூட்டை இணைப்பது என்று டாக்டர் சொன்னால் எந்த மூட்டு என்று கட்டாயம் கேளுங்கள். லேபிடஸில் இணைவது நடுப்பாதத்தில், விரல் வழக்கம்போல மடங்கும். தேய்மானம் முற்றியவர்களுக்கும் முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் சில சமயம் கட்டைவிரலின் அடி மூட்டையே இணைப்பார்கள், அதற்கப்புறம் அந்த இடம் மடங்காது. வலி போய்விடும், நன்றாக நடக்கலாம். ஆனால் நம் ஊரில் கால்விரலை மடக்கிச் செய்யும் வேலைகள் எத்தனை! தொழுகையில் வலது பாதத்தை நிமிர்த்தி விரல் மடக்கி உட்காருவது, தரையிலிருந்து விரல் ஊன்றி எழுவது, பரதத்தில் குதித்துமெட்டு அடவுக்கு முன்பாதத்தில் எழும்புவது எல்லாவற்றுக்கும் அந்த மூட்டு வேண்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் ஹீல்ஸ் போடுவதும் நடப்பதும் எப்படி இருக்கும் என்று விளக்கும் கையேடுகளில் இவை இருக்காது. நீங்கள்தான் உட்கார்ந்து காட்டி, மடக்கிக் காட்டிக் கேட்க வேண்டும். நாட்டியம் ஆடுபவர்கள் ஆட முடிகிற வரை ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதே நல்லது, விரல் இறுகினால் ஆட்டமே போய்விடும்.

"சின்ன ஓட்டைதான், ரெண்டே நாள்ல நடக்கலாம்" என்ற விளம்பரத்தை வைத்து லீவு போடுவது அடுத்த தவறு. தோலில் ஓட்டை சின்னதாக இருக்கலாம், உள்ளே வெட்டுப்படுவது எலும்பு, அது ஒன்றுசேர ஆறு வாரமாவது ஆகும். செவ்ரான், ஸ்கார்ஃப் போன்றவற்றில் சீக்கிரமே குதிகாலில் பாரம் போட்டுப் பிரத்யேகச் செருப்போடு நடக்க விடுவார்கள், ஆனால் முதல் இரண்டு வாரம் பெரும்பாலான நேரம் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். நின்று செய்யும் வேலைக்கு இரண்டு மூன்று மாதம் கூட ஆகலாம், வீக்கம் முழுக்க வடிய ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். இடது கால்தானே, வண்டி ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆட்டோமேடிக் காருக்கு அது சரி, பைக்கில் கியர் மாற்றுவதே இடது முன்பாதம்தான். வீட்டில் கல்யாணம் வருகிறதென்று அதற்கு இரண்டு மாதம் முன்னால் செய்துகொள்வதும் வேண்டாம், மண்டபத்தில் நாள் முழுக்க நிற்க உங்கள் கால் தயாராக இருக்காது. மெட்டி போட்டிருப்பவர்கள் முன்னாடியே கழற்றிவிட வேண்டும், வீங்கிய விரலில் அது இறுகிக்கொள்ளும். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்ற ஆசை வந்தால், மாடி வீடா, இந்தியன் டாய்லெட்டா, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, பாதத்தின் ரத்த ஓட்டம், உணர்ச்சி மூன்றையும் பார்க்காமல் தேதி கொடுத்தால் இன்னொரு டாக்டரிடம் போங்கள். அதே சமயம் துருத்திய இடத்தில் தோல் உரசிப் புண்ணாகிறது என்றால் வலி இல்லாவிட்டாலும் உடனே காட்ட வேண்டும், மரத்துப்போன காலில் வலியை நம்பிக் காத்திருக்க முடியாது. புகை பிடிப்பவர்கள் அதை நிறுத்திவிட்டுத்தான் ஆபரேஷன் மேஜைக்குப் போக வேண்டும், எலும்பு ஒன்றுசேர்வதைப் புகை கெடுக்கும்.

காப்பீட்டை நம்பியிருந்தால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்குங்கள். அழகு சிகிச்சை என்று தோன்றினால் நிராகரிப்பார்கள், அதனால் வலி எவ்வளவு நாளாக, நடப்பதில் என்ன சிரமம், செருப்பும் மெத்தையும் போட்டுப் பார்த்தும் பலன் இல்லை என்பதெல்லாம் டாக்டரின் குறிப்பில் எழுத்தாக இருக்க வேண்டும். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த பிரச்சினைக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 விதிப்படி அது 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது, உங்கள் பாலிசியில் எத்தனை என்று பார்த்துவிட்டே ஆஸ்பத்திரியில் பணம் கட்டுங்கள்.