கண் தண்ணீரில், கை தாளில்: வேக்போர்டு நடுவர்களைத் தயார்செய்வது எப்படி

படகோ கேபிளோ இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் சாகசம் காட்டும் வேக்போர்டு போட்டிக்கு நடுவராக வருகிறவர்களில் பெரும்பாலோர் தாங்களே நன்றாக ஓட்டியவர்கள். எந்த ட்ரிக் (சாகசம்) கடினம், எது சுலபம் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லித்தர வேண்டியது வேறு: பார்த்ததை அப்படியே தாளில் இறக்குவது. மதிப்பெண் போடுவது கடைசியில் வரும் வேலை. நன்றாகக் குறிப்பெடுக்கத் தெரிந்தவர் நல்ல நடுவராகிவிடுவார் என்பது என் அனுபவம். அதனால் என் வகுப்பும் தேர்வும் குறிப்புத்தாளைச் சுற்றியே நடக்கும்.

முதல் நாள் விதிப்புத்தகம். இதை நீட்ட வேண்டாம். படகுப் போட்டி, கேபிள் போட்டி இரண்டின் வடிவம், எத்தனை முறை விழலாம், ரன் (ஒருவரின் ஒரு முழு ஓட்டம்) எப்போது முடிந்ததாகக் கணக்கு, மறு ஓட்டம் எப்போது தரலாம் என்பதையெல்லாம் சர்வதேசக் கூட்டமைப்பான ஐ.டபிள்யூ.டபிள்யூ.எஃப். விதிகளை வைத்தோ, அந்தப் போட்டி பின்பற்றும் விதிகளை வைத்தோ வீட்டிலேயே படித்துவரச் சொல்லுங்கள். வந்ததும் ஒரு சின்ன எழுத்துத்தேர்வு வைத்தால் போதும். விதி தெரியாதவரைத் தண்ணீர்ப் பக்கம் அனுப்பக் கூடாது, அவ்வளவுதான்.

அப்புறம் மூன்று அளவுகோல்கள்: நேர்த்தி, தீவிரம், கோர்வை. சில போட்டிகளில் மூன்றுக்கும் சமபங்கு கொடுத்து 100-க்குக் கூட்டுவார்கள். சிலவற்றில் மொத்த மதிப்பீடாக ஒரே எண். எப்படியிருந்தாலும் நடுவர் மனத்தில் மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும். நேர்த்தி என்பது எவ்வளவு சுத்தமாகச் செய்தார், இறங்கியபோது கட்டுப்பாடு இருந்ததா என்பது. தீவிரம் என்பது எவ்வளவு கடினமானதை, எவ்வளவு உயரமாகவும் அகலமாகவும், எவ்வளவு துணிச்சலோடு செய்தார் என்பது. கோர்வை என்பது ட்ரிக்குகளை எப்படி அடுக்கினார், வகை காட்டினாரா, ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்ப ஓட்டினாரா என்பது. புதியவர்கள் தீவிரத்தில் மயங்கிவிடுவார்கள். ஒரே ஒரு பெரிய ட்ரிக் அடித்துவிட்டு மற்றதெல்லாம் சாதாரணமாக ஓட்டியவரைத் தூக்கி மேலே வைப்பார்கள். வகுப்பில் இதை உடைக்கவே நிறைய நேரம் போகும்.

ட்ரிக்கை அடையாளம் காண்பதுதான் அடித்தளம். படகு மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும். ரைடர் காற்றில் இருப்பது ஓரிரு நொடி. டான்ட்ரமும் பேக் ரோலும் இரண்டுமே ஹீல்சைடிலிருந்து (குதிகால் பக்க ஓரத்தில் சாய்ந்து வந்து) எழும் தலைகீழ்ச் சுழற்சிதான். டான்ட்ரமில் போர்டு நுனியும் வாலுமாகப் புரளும்; பேக் ரோலில் ஓரம் ஓரமாக உருளும். புதியவரிடம் ‘தலையைப் பார்க்காதீர்கள், போர்டின் நுனி எங்கே போகிறது பாருங்கள்’ என்று சொல்வேன். இன்னொரு ஜோடி, வெர்லிபேர்டும் மோபி டிக்கும். இரண்டுக்கும் அடிப்படை டான்ட்ரம், இரண்டிலும் 360 (ஒரு முழுச்சுற்று). வெர்லிபேர்டில் ஹேண்டில் (இழுகயிற்றின் கைப்பிடி) தலைக்கு மேலே சுற்றும். மோபி டிக்கில் முதுகுக்குப் பின்னால் கை மாறும். இங்கே பார்க்க வேண்டியது ஹேண்டிலை, உடம்பை அல்ல. ராலியில் உடம்பு முழுதாக நீண்டு போர்டு பின்னால் உயர எழும். அதிலேயே ஹேண்டிலைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஒரு சுற்று சேர்ந்தால் எஸ்-பெண்ட். இப்படி ஜோடி ஜோடியாக வீடியோ வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மெதுவாகப் போட்டுக் காட்டலாம், ஆனால் பயிற்சி முடிவதற்குள் நிஜ வேகத்துக்கு வந்துவிட வேண்டும். ஸ்லோ மோஷனிலேயே பழகியவர் கரையில் தடுமாறுவார்.

இனி குறிப்பு. ஆளுக்கு ஒரு சுருக்கெழுத்து இருக்கலாம், ஆனால் அவரே அரைமணி கழித்துப் படித்தால் ரன் கண்முன் வர வேண்டும். நான் பழக்குவது இப்படி: ஹீல்சைடுக்கு ‘ஹீ’, டோசைடுக்கு (கால்விரல் பக்க ஓரம்) ‘டோ’, சுவிட்சில் (வழக்கமாகப் பின்னால் இருக்கும் காலை முன்னால் வைத்து) ஓட்டினால் முன்னால் ‘சு’. கிராப் (காற்றில் போர்டைக் கையால் பிடிப்பது) பிடித்து நிறுத்தினால் ‘கி’, வெறுமனே தட்டிவிட்டுப் போனால் அதற்கு மேல் ஒரு புள்ளி. நல்ல உயரமென்றால் கூட்டல் குறி. படகின் பின்னால் இருபுறமும் எழும் அலைகளில் எதிர்ப்புற அலையைத் தாண்டாமல் நடுவிலேயே இறங்கினால் கீழே ஒரு கோடு. இறங்கும்போது பின்புறம் தண்ணீரில் பட்டாலோ கை இழுபட்டாலோ அலைக்கோடு. ‘சு டோ 360 கி +’ என்று ஒரு வரி இருந்தால் போதும். இதை எழுதும்போது தாளைப் பார்க்கக் கூடாது. இதற்கு ஒரு பயிற்சி உண்டு: தாளை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து, கையை உள்ளே விட்டு எழுதச் சொல்லுங்கள். முதலில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இடது கைக் கட்டைவிரலைத் தாளின் ஓரத்தில் வைத்து வரிக்கு வரி கீழே நகர்த்தினால் சரியாகிவிடும். குனிந்து எழுதுகிற அந்த ஒரு நொடியில்தான் ரைடர் அடுத்த அலைக்கு எட்ஜ் போட (போர்டின் ஓரத்தைச் சாய்த்து அலையை நோக்கி வர) ஆரம்பிப்பார். அதைத் தவறவிட்டால் ஹீல்சைடா டோசைடா என்பதே தெரியாமல் போகும்.

உட்காரும் இடமும் பாடத்தில் வர வேண்டும். படகிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது இரண்டு அலைகளும் தெரியும், யார் முழு அகலம் தாண்டினார் என்பது தெளிவு. கரை மேடையிலிருந்து பார்த்தால் உயரம் நன்றாகத் தெரியும், ஆனால் ரைடர் நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ தாண்டுவதால் அகலம் ஏமாற்றும். முழுச்சுற்றுக் கேபிளில் (தண்ணீரைச் சுற்றி ஓடும் கம்பி) எதிர்க்கரையில் நடப்பது எட்டத்தில் இருக்கும். கிக்கர் (எம்பும் சரிவு), ரெயில் (சறுக்கும் தடை) எங்கே போடுகிறார்கள் என்பதில் தலைமை நடுவர் போட்டிக்கு முன்பே வாய் திறக்க வேண்டும். முடிந்தால் ஒரே ரன்னை இரண்டு கோணத்தில் படமெடுத்து வகுப்பில் அடுத்தடுத்துப் போடுங்கள். நான் விளக்குவதைவிட அது நன்றாக விளக்கும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். எண்ணைவிட வரிசை முக்கியம். ஒரு நடுவர் 62, 70, 78 என்று போட, இன்னொருவர் 50, 61, 73 என்று போட்டாலும் இருவரும் ஒரே வரிசையைத்தான் சொல்கிறார்கள். முதல் ரைடருக்கு மேலேயும் கீழேயும் இடம் விட்டுப் போடச் சொல்லுங்கள். 90 கொடுத்துவிட்டால் அடுத்து வருகிற சிறந்தவரை எங்கே வைப்பது? ரன் முடிந்து தாள் கொடுக்கும்வரை பக்கத்து நடுவரோடு பேச்சு கூடாது. முகபாவம்கூட வேண்டாம்.

தேர்வை நான் மூன்று கட்டமாக வைப்பேன். முதலாவது அடையாளம் காண்பது: நிஜ வேகத்தில், ஒரே தடவை, நிறுத்தாமல். இரண்டாவது, பத்து ரன்கள் கொண்ட ஒரு வீடியோ. அதில் இரண்டாவதாக வந்த ரன்னையே ஒன்பதாவதாக மறுபடி செருகிவிடுங்கள், சொல்லாமல். அனுபவமுள்ள மூன்று நடுவர்கள் முன்பே பார்த்து வைத்த வரிசையோடு தேர்வரின் வரிசையை ஒப்பிடுங்கள். பக்கத்துப் பக்கத்து இடங்கள் மாறினால் பரவாயில்லை, காரணம் கேளுங்கள். மூன்றாவது இடத்தவர் எட்டாவதுக்குப் போயிருந்தால் தேர்ச்சி கிடையாது. ஒரே ரன்னுக்குக் கொடுத்த இரண்டு மதிப்பெண்ணையும் பாருங்கள். மூன்று நான்கு புள்ளி வித்தியாசம் இயல்பு. அதற்கு மேல் போனால் அவருடைய அளவு போட்டி நடக்க நடக்க நகர்கிறது என்று அர்த்தம். எல்லாச் சோதனைகளிலும் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். வர்ணனையையும் கூட்டத்தின் சத்தத்தையும் எடுத்துவிட்டே போடுங்கள். பெயர் தெரிந்த ரைடருக்கு எழும் ஆரவாரம் மதிப்பெண்ணில் ஏறிவிடும்.

மூன்றாவது, உண்மையான போட்டியில் நிழல் நடுவராக உட்காருவது. மதிப்பெண் கணக்கில் சேராது, மற்றபடி எல்லாம் நிஜம்: வெயில், கண்ணாடியில் தெறிக்கும் தண்ணீர், ஆறு மணி நேரம். காலையில் பிரமாதமாக எழுதுகிறவர்கள் மதியத்துக்கு மேல் வெறும் எண்ணை மட்டும் எழுதி நிறுத்துவார்கள். அதனால் கடைசி ஹீட்டின் (சுற்றின்) தாளைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பேன். பிறகு ஒரு ரைடரின் வரியைக் காட்டி, ‘இவரை ஏன் இவருக்குக் கீழே வைத்தீர்கள்?’ என்று கேட்பேன். தாளைப் பார்த்துப் பதில் வந்தால் தேர்ச்சி. நினைவிலிருந்து ‘எனக்கு அப்படித் தோன்றியது’ என்று வந்தால் இன்னொரு போட்டி நிழலில் உட்கார வேண்டும். அந்த ரைடர் அந்த ஒரு ரன்னுக்காக மாதக்கணக்கில் உழைத்திருப்பார். கேட்டால் காரணம் சொல்ல நடுவரிடம் ஒரு வரியாவது இருக்க வேண்டும்.

தேர்ச்சி பெறாதவருக்கு ‘தோல்வி’ என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்த ஜோடியில் குழம்பினார், எந்த ரன்னில் வரிசை கலைந்தது என்று எழுதி, அந்த வீடியோத் துண்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள். தன் பிள்ளையோ தான் பயிற்சி கொடுத்தவரோ ஓட்டும் பிரிவில் உட்கார மாட்டேன் என்று எல்லோரிடமும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேர்ச்சி பெற்றவரையும் அப்படியே விட்டுவிட முடியாது. அமெரிக்க ரைடர் பார்க்ஸ் பொனிஃபே 1999-இல் 1080 இறக்கியபோது மூன்று முழுச்சுற்று என்பதே அதிசயம்; இன்று அதைத் தாண்டிய சுற்றுகளையும் இரட்டைத் தலைகீழையும் எண்ண வேண்டியிருக்கிறது. சீசன் தொடங்கும் முன் ஒரு மறுதேர்வு வையுங்கள், புது வீடியோக்களோடு. ஒருமுறை தேர்வில் போட்டதை அதன்பின் வகுப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். தேர்வு எழுதியவர்கள் அடுத்தவருக்குச் சொல்லிவிடுவார்கள்.