கரிசல் நிலத்தில் வீட்டுமனைப் பிரிவு: மண் வேலைகளின் வரிசை

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் கரிசல் நிலத்தை வீட்டுமனைகளாக்குவோர், வாங்க வருபவர்களின் கண்ணுக்கு நிறைவாக முதலில் தார்ச்சாலையைப் போட்டுவிட்டு, பின்னர் குழாய் பதிப்பதற்காக அதே சாலையை வெட்டுவதுண்டு. ஆழத்தில் நடக்கும் வேலை முதலிலும் சாலை கடைசியிலும் வருவதே முறை.

மனை வரைபடத்தை இறுதி செய்யும் முன்பே மண் பரிசோதனையை முடிக்க வேண்டும். 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணும் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள். ஆனால் கோடையில் காய்ந்து இறுகிய கரிசல் அதில் நல்ல எண்ணிக்கையையே காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பக் கூடாது. தண்ணீர் பட்டால் மண் எவ்வளவு உப்பிப் பெருக்கும் என்பதையும் அறிய வேண்டும். உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, அளவுக்கோடிட்ட இரண்டு கண்ணாடிக் குழல்களில் ஒன்றில் தண்ணீரிலும் மற்றதில் மண்ணெண்ணெயிலும் இட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. அங்கே 10 மி.லி. நிற்கும் மண் தண்ணீரில் 17 மி.லி. ஆனால், உப்பும் அளவு 70 சதவீதம். அத்தகைய நிலத்தில் சாதாரண ஆழத்துக் கடைக்கால் நிலைக்காது.

அடுத்து, நிலம் முழுவதும் மட்டம் பார்த்து, மழைநீர் இப்போது எந்த ஓடைக்குப் போகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த வழியைத் திறந்தே வைக்க வேண்டும். 15 முதல் 30 செ.மீ. வரை மேல்மண்ணை வழித்துப் பூங்காவுக்கென ஒதுக்கலாம். வீடு வரும் இடங்களில் கரிசலைக் கொண்டே மேடாக்காமல், கிராவலை 20 செ.மீ. அடுக்குகளாகப் பரப்பி, உரிய ஈரப்பதத்தில் ரோலர் ஓட்டி, ஆய்வகத்தில் கண்ட உச்ச அடர்த்தியில் 95 சதவீதம் வந்த பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும்.

பாதாளச் சாக்கடைக் குழாயைத் தாழ்ந்த முனையில் தொடங்கி மேல்நோக்கிப் பதிக்க வேண்டும். நூறுக்கு ஒன்று சரிவு என்றால் 30 மீட்டருக்கு 30 செ.மீ. இறக்கம். குடிநீர்க் குழாய் அதற்கு மேல்மட்டத்தில், விலகிச் செல்ல வேண்டும். காய்ந்த கரிசல் பள்ளத்தின் சுவர் செங்குத்தாக நிற்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு மழை பெய்தால் விரிசல் வழியே பாளம் பாளமாகச் சரியும். ஆகவே 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பலகை முட்டு அல்லது சரிவான பக்கங்கள் கட்டாயம். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்கக் கூடாது.

குழாய்களைச் சோதித்துப் பள்ளங்களை மூடி இறுக்கிய பின்னரே சாலைக்கு அடித்தளம் இடலாம். வீடுகளுக்கு, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென உருவாக்கிய, அடியில் குமிழ் விரிந்த பைல் (நிலத்துக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) அடித்தளம் பொருந்தும். அதன் ஆழம் குறைந்தது 3.5 மீட்டர் இருக்க வேண்டும். பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் இடையே 80 மி.மீ. வெற்றிடம் விட வேண்டும். பல மேஸ்திரிகள் இதைக் குறையென்று எண்ணி மண்ணை அடைத்துவிடுகிறார்கள். அப்படி அடைத்தால் மழைக்காலத்தில் உப்பும் மண் பீமையே மேலே தூக்கிச் சுவரை வெடிக்க வைக்கும்.