தட்டைத் தூக்கினா ஸ்பார்க்! வீட்டுலயே எலக்ட்ரோஃபோரஸ் செய்றது எப்படி

புது ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக்கை சர்ர்ருனு உரிச்சா கை முடியெல்லாம் நட்டுக்கும், சில நேரம் சுரீர்னு ஒரு ஷாக்கும் வைக்கும். ஒட்டியிருக்கிற வரைக்கும் சாதுவா இருந்தது பிரியும்போதுதான் வேலையைக் காட்டுது. இதையே கையால செஞ்சு பார்க்க ஒரு பழைய கருவி இருக்கு, பேரு எலக்ட்ரோஃபோரஸ். 1762ல ஸ்வீடன்ல வில்க்கேங்கிற விஞ்ஞானி செஞ்சார், 1775ல இத்தாலில வோல்ட்டா அதை நல்லா தேத்தி ஊரறிய வெச்சார்.

வேணும்கிறது: அடி தட்டையா இருக்கிற எவர்சில்வர் தட்டு (விளிம்பு மடிச்சிருக்கணும், கூரா இருந்தா சார்ஜ் அது வழியா கசிஞ்சிடும்), ஒரு பிளாஸ்டிக் டம்ளர், தட்டை விட பெரிய பிவிசி ஷீட் இல்லன்னா ஃபைல் கவர், கம்பளித் துணி, பழைய டெஸ்டர்ல இருந்து எடுத்த நியான் பல்பு.

1. தட்டுக்கு உள்பக்கம் நடுவுல டம்ளரை ஒட்டுங்க, இதுதான் கைப்பிடி.

2. ஷீட்டை மேஜைல விரிச்சு கம்பளியால நல்லா அழுத்தி ஒரு நிமிஷம் தேய்ங்க. ஷீட்டுக்கு நெகட்டிவ் சார்ஜ் ஏறும்.

3. டம்ளரைப் பிடிச்சு தட்டை அது மேல வைங்க. இப்ப தட்டை ஒரு விரலால தொடுங்க, லேசா டிக்குனு ஒரு சத்தம் வரும். இந்த ஸ்டெப்பை விட்டா எதுவுமே நடக்காது! ஷீட்ல இருக்கிற நெகட்டிவ், தட்டுல இருக்கிற எலக்ட்ரானை மேல தள்ளுது, அது உங்க விரல் வழியா ஓடிடுது, தட்டுக்கு பாசிட்டிவ் மிஞ்சுது.

4. விரலை எடுத்துட்டு, டம்ளரை மட்டும் பிடிச்சு தட்டைத் தூக்குங்க. விரல் முட்டியை விளிம்புகிட்ட கொண்டு போங்க. பட்!

திரும்ப வெச்சு, தொட்டு, தூக்குங்க, மறுபடியும் தேய்க்காமலே ஸ்பார்க் வரும், பல தடவை வரும். அப்ப எனர்ஜி எங்கிருந்து வருதுன்னா, தேய்ச்சதுல இருந்து இல்ல, பாசிட்டிவும் நெகட்டிவும் ஒண்ணை ஒண்ணு இழுத்துட்டு இருக்கும்போது நீங்க அதைப் பிரிச்சுத் தூக்குறீங்களே, அந்த கை உழைப்புல இருந்துதான். தட்டுல சார்ஜ் அதேதான், ஆனா தூக்கத் தூக்க கெப்பாசிட்டன்ஸ் (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவு) ரொம்ப இறங்கிடுது, அதனால வோல்ட்டேஜ் எகிறுது. காத்துல 1 மில்லிமீட்டருக்கு சுமார் 3,000 வோல்ட் வேணும், அதனால 5 மில்லிமீட்டர் ஸ்பார்க் பாய்ஞ்சா கிட்டத்தட்ட 15,000 வோல்ட்னு வெச்சுக்கலாம்.

நியான் பல்போட ஒரு கம்பியை நீங்க பிடிச்சு இன்னொண்ணை தட்டுல தொட்டா மின்னும், அதுவும் பல்புக்குள்ள நீங்க பிடிச்ச பக்கத்து கம்பிதான் மின்னும், ஏன்னா நியான்ல நெகட்டிவ் பக்கம்தான் ஒளி வரும். தட்டு பாசிட்டிவ்ங்கிறதுக்கு இதுவே சாட்சி.

இப்ப ஃப்ரிட்ஜ் கதை. அதே ஷீட்டை தட்டையான அலுமினிய ட்ரேல விரிச்சு, ட்ரேயை ஒரு கையால தொட்டுக்கிட்டே தேய்ச்சு, லைட்டை அணைச்சுட்டு மெதுவா உரிங்க. பிரியிற கோட்டுல சடசடன்னு கேட்கும், கண்ணு இருட்டுக்குப் பழகியிருந்தா நீலமா பொடிப்பொடியா தெரியவும் தெரியும். ஷீட் சார்ஜும் உலோகத்து எதிர் சார்ஜும் நேருக்கு நேர் இருந்தப்ப எலக்ட்ரிக் ஃபீல்டு (சார்ஜோட இழுவிசை பரவுற இடம்) மொத்தமும் பிளாஸ்டிக்குள்ளயே அடைஞ்சு கிடந்துச்சு, உரிச்சதும் அது காத்துக்கு வந்துடுது, காத்து தாங்காது. பிளாஸ்டிக் ஃபிலிம் ரோலர்ல ஓடுற ஃபேக்டரில சார்ஜைப் போக்குற ஸ்டேட்டிக் பாரை ரோலர் மேல வைக்காம, ஃபிலிம் ரோலரை விட்டுப் பிரிஞ்சு வந்த அப்புறம் வைக்கிறதும் இதுக்காகத்தான்.

வரலன்னா? பெரும்பாலும் ஈரப்பதம்தான் காரணம். சென்னை மாதிரி கடலோர ஊர்ல ஏசி ரூம்ல செய்ங்க, துணியையும் ஷீட்டையும் வெயில்ல காய வைங்க, டம்ளரை வியர்வைக் கையால தடவாதீங்க.

ஒரு ஸ்பார்க்ல இருக்கிறது ஒரு மில்லிஜூல் அளவுதான், ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பெட்ரோல் ஆவி பத்திக்க அதுல கால் பங்கே போதும், அதனால தின்னர், சானிடைசர், கேஸ் அடுப்பு பக்கத்துல வேண்டவே வேண்டாம். பேஸ்மேக்கர் வெச்சவங்க தொட வேண்டாம், ஃபோனையும் தள்ளி வைங்க.