பேங்க் பிடிச்ச காசை போனா போகட்டும்னு விடாதீங்க: சார்ஜ் விஷயத்துல தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்புக்ல என்ட்ரி போட்டு வாங்கிப் பார்த்தா நடுவுல எங்கயாவது 118 ரூபா, 295 ரூபா, 590 ரூபான்னு ஒரு பிடித்தம் இருக்கும், பக்கத்துல எம்ஏபி சார்ஜ் (மாத சராசரி பேலன்ஸ் குறைஞ்சதுக்கு), நாச் ரிட்டர்ன் (நாச்ங்கற ஆட்டோ டெபிட் காசில்லாம திரும்பினதுக்கு), எஸ்எம்எஸ் சார்ஜ்னு ஏதாவது சுருக்கமா அடிச்சிருக்கும். 100, 250, 500க்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டா வர்ற தொகைதான் அது. முக்கால்வாசி பேரு அதைப் பார்த்துட்டு நாலு வார்த்தை திட்டிட்டு பாஸ்புக்கை மூடி பீரோவுல வச்சிடறாங்க. 2019-20லேர்ந்து 2023-24 வரைக்கும் அஞ்சு வருஷத்துல பொதுத்துறை பேங்குங்க மட்டும் மினிமம் பேலன்ஸ் இல்லாததுக்கு வசூல் பண்ண அபராதம் கிட்டத்தட்ட 8,500 கோடி ரூபான்னு நாடாளுமன்றத்துலயே பதில் சொல்லியிருக்காங்க, தனியார் பேங்க் கணக்கு இதுல சேரவே இல்ல. அவ்வளவும் அக்கவுண்ட்ல காசு இல்லாதவங்ககிட்டேருந்து எடுத்த காசு. அதனாலதான் இதை சின்ன விஷயம்னு என்னால ஒதுக்க முடியல.

வெளிநாட்டுல ஓவர்டிராஃப்ட் சார்ஜ்னு சொல்றாங்களே, நம்ம ஊரு சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட்ல அது அப்படியே கிடையாது, இங்க காசு இல்லன்னா பேமெண்ட் திரும்பிடும், திரும்பினதுக்கு ஒரு சார்ஜ், பேலன்ஸ் குறைஞ்சதுக்கு தனியா ஒரு சார்ஜ். இந்த ரெண்டுலயும்தான் மக்கள் அதிகமா மாட்டிக்கிறாங்க.

முதல் தவறு, எதுக்குப் பிடிச்சாங்கன்னே தெரியாம சண்டைக்குப் போறது. மினிமம் பேலன்ஸ் அபராதத்துக்கு ரிசர்வ் பேங்க் ரூல் தனி, இஎம்ஐ பவுன்ஸ் ஆனதுக்கு வேற, ஏடிஎம்ல பேலன்ஸ் இல்லாம டிரை பண்ணதுக்கு பிடிக்கிற 20, 25 ரூபா வேற. போறதுக்கு முன்னாடி நெட் பேங்கிங்லயோ பிராஞ்ச்லயோ ஒரு வருஷ ஸ்டேட்மெண்ட் எடுத்து வச்சுக்கிட்டு, பேனாவால ஒவ்வொரு சார்ஜையும் வட்டம் போடுங்க, தேதியையும் எழுதுங்க. அப்புறம் அந்த பேங்க் வெப்சைட்ல சர்வீஸ் சார்ஜஸ்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல உங்க அக்கவுண்ட் வகைக்கு என்ன ரேட்னு பாருங்க. அக்கவுண்ட் வகைதான் முக்கியம், ஒரே பேங்க்ல ஏழெட்டு வகை சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கும், கிராமத்துக்கு ஒரு ரேட், சிட்டிக்கு ஒரு ரேட்டுன்னு இருக்கும்.

அடுத்தது பெரிய தவறு, மினிமம் பேலன்ஸ் இல்லன்னா பேங்க் இஷ்டத்துக்கு எடுத்துக்கலாம்னு நெனச்சுக்கறது. எடுத்துக்க முடியாது. 2014 நவம்பர் 20ல ரிசர்வ் பேங்க் ஒரு சர்க்குலர் போட்டுச்சு, 2015 ஏப்ரல் 1லேர்ந்து அமல். பேலன்ஸ் குறைஞ்சா முதல்ல உங்களுக்கு எஸ்எம்எஸ்ஸோ ஈமெயிலோ லெட்டரோ அனுப்பி, இந்த மாதிரி குறைஞ்சிருக்கு, சரி பண்ணலன்னா அபராதம் வரும்னு சொல்லணும். சொன்ன தேதியிலேர்ந்து குறைஞ்சது ஒரு மாசம் டைம் தரணும். அதுக்கப்புறமும் குறைவாவே இருந்தாத்தான் பிடிக்கலாம், அதுவும் எவ்வளவு குறைஞ்சிருக்கோ அந்த அளவுக்கு ஏத்த மாதிரிதான் பிடிக்கணும், எல்லாருக்கும் ஒரே தொகைன்னு மொத்தமா போடக்கூடாது. உதாரணத்துக்கு 5,000 வச்சிருக்க வேண்டிய அக்கவுண்ட்ல சராசரி 4,200 இருந்துச்சுன்னா குறையற தொகை 800 ரூபாதான். பல தனியார் பேங்க்ல குறையற தொகையில 6 சதவீதம் இல்ல 500, 600 ரூபா, ரெண்டுல எது கம்மியோ அதுன்னு வச்சிருக்காங்க, அந்தக் கணக்குப்படி 48 ரூபாயும் ஜிஎஸ்டியும் சேர்த்து 57 ரூபாகூட வராது. அந்த இடத்துல 590 பிடிச்சிருந்தா கேள்வி கேக்கறதுக்கு முழு காரணம் இருக்கு.

அதே சர்க்குலர்ல இன்னொன்னும் இருக்கு, இதைத்தான் எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கணும்னு நான் ஆசைப்படறேன். மினிமம் பேலன்ஸ் அபராதம் பிடிக்கிறதால மட்டும் சேவிங்ஸ் அக்கவுண்ட் மைனஸ்ல போகக்கூடாது. பேலன்ஸ் பூஜ்யத்துக்கு வந்துட்டா அதோட நிக்கணும். ஆனா நடைமுறையில மைனஸ் 1,400, மைனஸ் 3,000னு காட்டிட்டு, இல்லன்னா லியன்னு (வரப்போற காசுல இவ்வளவு எங்களுக்குன்னு பிடிச்சு வைக்கறது) போட்டு வச்சுட்டு, எப்ப காசு வந்து விழுதோ அப்ப எடுத்துக்கறாங்க. எங்க தெருவுல ஒரு அக்கா, கணவர் இறந்து பென்ஷன் வாங்கறவங்க, ரொம்ப நாளா தொடாத ஒரு பழைய அக்கவுண்ட்ல பொண்ணோட ஸ்காலர்ஷிப் காசு விழுந்துச்சு, விழுந்த அன்னிக்கே பாதி காணோம். பிராஞ்ச்ல கேட்டா சிஸ்டம் தானா எடுத்துக்குச்சும்மா நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு பதில். அவங்க அதை நம்பிட்டு திரும்பி வந்துட்டாங்க. சிஸ்டத்துல அப்படி செட் பண்ணி வச்சதும் பேங்க்தானே, திருப்பிப் போட வேண்டியதும் அவங்கதான். அந்தம்மா கேஸ்ல எழுதிக் கொடுத்தப்புறம்தான் காசு வந்துச்சு.

ரெண்டு வருஷத்துக்கு மேல நீங்களா எந்த வரவு செலவும் பண்ணாத அக்கவுண்ட்டுன்னா அது செயல்படாத கணக்கு, அதுல மினிமம் பேலன்ஸ் அபராதமே போடக்கூடாது, திரும்ப ஆக்டிவேட் பண்ணவும் சார்ஜ் வாங்கக்கூடாது. அதுக்கும் ரூல் இருக்கு, 2024 ஏப்ரல்லேர்ந்து புது வடிவத்துல அமல்ல இருக்கு.

அரசாங்க உதவித்தொகை விஷயம் தனியா சொல்லணும். 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை முதல் தவணை 1,000 ரூபா விழுந்த கையோட சில பேங்குங்க பழைய பாக்கின்னு பிடிச்சுக்கிட்டதா நிறைய புகார் கிளம்பி, அப்படிப் பிடிக்கக்கூடாதுன்னு மாநில அரசே சொல்லி, 1100க்கு கூப்பிட்டு புகார் பண்ணச் சொன்னாங்க. இந்த மாதிரி காசு வாங்கறவங்க சாதாரண சேவிங்ஸ் அக்கவுண்ட் வச்சிருக்கறதே தேவையில்லாத ரிஸ்க். அடிப்படை சேமிப்புக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு, எல்லா பேங்க்லயும் உண்டு, தனியார் பேங்க்லயும் உண்டு, மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டுக்கு காசு கிடையாது, மாசம் நாலு தடவை ஃப்ரீயா எடுக்கலாம். இருக்கற அக்கவுண்ட்டையே இதுக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம், அதே பேங்க்ல வேற சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். கவுண்டர்ல இதை அவங்களா சொல்லவே மாட்டாங்க, நாமதான் பேரைச் சொல்லி கேக்கணும்.

நிறைய பேங்க் இப்ப இந்த அபராதத்தையே எடுத்துட்டாங்க. எஸ்பிஐ 2020 மார்ச்லயே எடுத்துடுச்சு, கனரா பேங்க் 2025 ஜூன்ல, இந்தியன் பேங்க் ஜூலையில, ஐஓபி அக்டோபர்ல சாதாரண சேவிங்ஸுக்கு நிறுத்திடுச்சு. ஆனா அதுக்கு முன்னாடி பிடிச்சது தானா திரும்பி வராது, பிரீமியம் வகை அக்கவுண்ட், கரண்ட் அக்கவுண்ட்டுக்கெல்லாம் தனி கண்டிஷன் இருக்கும், அதனால அபராதமே கிடையாதாம்னு பொத்தாம்பொதுவா நம்பிடாதீங்க.

சராசரி பேலன்ஸ்ங்கறதை தப்பா புரிஞ்சுக்கறதும் அடிக்கடி நடக்குது. 10,000 மாத சராசரின்னா தினமும் 10,000 இருக்கணும்னு அர்த்தம் இல்ல. ஒவ்வொரு நாள் முடிவுல இருக்கற பேலன்ஸை எல்லாம் கூட்டி மாசத்து நாளால வகுப்பாங்க. 30 நாள் மாசத்துக்கு மொத்தக் கூட்டு 3 லட்சம் வந்தா போதும். இருபது நாள் வெறும் 2,000 இருந்திருந்தா அதுல 40,000 ஆச்சு, மிச்சம் பத்து நாள் 26,000 வச்சிருந்தா சரியாப் போச்சு. மாசக் கடைசியில 10,000 போட்டுட்டு கட்டிட்டோம்னு இருக்கறவங்களுக்குத்தான் அபராதம் வருது. சில பேங்க்ல மூணு மாச சராசரி, அதையும் பார்த்துக்கோங்க.

வேலை மாறினவங்க சேலரி அக்கவுண்ட்டை அப்படியே விட்டுடறது இன்னொரு தவறு. ரெண்டு மூணு மாசம் சம்பளம் விழலன்னா பொதுவா அதை சாதாரண சேவிங்ஸா மாத்திடுவாங்க, அன்னிலேர்ந்து மினிமம் பேலன்ஸ் கணக்கு ஓடும். தகவல் போறது பழைய மொபைல் நம்பருக்கு. வேண்டாம்னா காசை மாத்திட்டு முறையா குளோஸ் பண்ணி, குளோஸ் பண்ணதுக்கு எழுத்துல வாங்கிடுங்க.

இப்ப இஎம்ஐ பவுன்ஸ். இதுதான் உண்மையிலேயே பாக்கெட்டைக் கிழிக்கிறது. இஎம்ஐ தேதி 5, சம்பளம் 7ம் தேதி விழுதுன்னு வச்சுக்கோங்க. 5ம் தேதி காலையில நாச்ல ரிக்வெஸ்ட் வருது, காசு இல்ல, திரும்பிடுது. உங்க பேங்க் ஒரு ரிட்டர்ன் சார்ஜ், கடன் கொடுத்த கம்பெனி ஒரு பவுன்ஸ் சார்ஜ், லேட்டானதுக்கு பீனல் சார்ஜ், மூணும் சேரும். சில கம்பெனிங்க அடுத்தடுத்த நாள் திரும்பத் திரும்ப ரிக்வெஸ்ட் போடுவாங்க, ஒவ்வொரு தடவையும் உங்க பேங்க் தனித்தனியா பிடிக்கும், ஒரு 3,000 ரூபா இஎம்ஐக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல சார்ஜே போயிடும். இதுல பண்ற தவறு என்னன்னா, கோபத்துல மேன்டேட்டை (ஆட்டோ டெபிட்டுக்கு நீங்க கொடுத்த அனுமதியை) மட்டும் கேன்சல் பண்ணிட்டு கடன்காரங்ககிட்ட ஒண்ணும் சொல்லாம இருக்கறது. காசில்லாம ஆட்டோ டெபிட் திரும்பறதுக்கும் செக் பவுன்ஸ் மாதிரியே சட்டம் இருக்கு, 2007 பேமெண்ட் சட்டத்துல 25வது பிரிவு, அதனால விளையாட வேண்டாம். பண்ண வேண்டியது இஎம்ஐ தேதியை 10க்கு மாத்தித் தரச் சொல்லி கம்பெனிக்கு மெயில் போடறது, அதுவரைக்கும் முந்தின நாள் ராத்திரியே காசு அக்கவுண்ட்ல இருக்கற மாதிரி பார்த்துக்கறது. காலையில எழுந்து ஜிபேல மாத்திக்கலாம்னு இருந்தா பல தடவை லேட் ஆயிடும். ஒரே மாச இஎம்ஐக்கு நாலஞ்சு தடவை ரிக்வெஸ்ட் போட்டிருந்தா, ஸ்டேட்மெண்ட்ல தேதியோட காட்டி ரெண்டு பக்கமும் எழுதிக் கேளுங்க. உங்க சைடுல நியாயம் இருக்கும்போது பேங்க் முழுசா இல்லன்னாலும் சிலதையாவது திருப்பித் தரும்.

கடன் முடிஞ்சப்புறம் மேன்டேட் உயிரோட இருக்கான்னு பாக்காம விடறதும் ஆபத்து, நெட் பேங்கிங்ல மேன்டேட் லிஸ்ட் இருக்கும், முடிஞ்ச கடனோடதை கேன்சல் பண்ணிடுங்க. கடன்ல போடற பீனல் சார்ஜை அசலோட சேர்த்து அதுக்கு மேல வட்டி போடக்கூடாதுன்னு 2023 ஆகஸ்ட்லயே ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு, அதுக்கு ஜிஎஸ்டியும் கிடையாதுன்னு 2025 ஜனவரில சர்க்குலர் வந்திருக்கு, லோன் ஸ்டேட்மெண்ட்ல ரெண்டையும் சரி பாருங்க.

எல்லாத்தையும்விட மோசமான தவறு வாயால மட்டும் புகார் சொல்லிட்டு வர்றது. மேனேஜர் நல்லவராவே இருப்பார், பாக்கறேன் சார்னு சொல்வார், அடுத்த மாசம் டிரான்ஸ்ஃபர் ஆகிப் போயிடுவார், நீங்க கேட்டதுக்கு எந்த ஆதாரமும் இருக்காது. வெள்ளைத் தாள்ல தமிழ்லயே எழுதுங்க, நீளமா வேண்டாம், இப்படி இருந்தா போதும்:

"ஐயா, என் சேமிப்புக் கணக்கில் இந்தத் தேதிகளில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று மொத்தம் இவ்வளவு ரூபாய் பிடிக்கப்பட்டுள்ளது. இதற்கு முன் எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. ஒரு மாத அவகாசமும் தரப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைப்படி இந்தத் தொகையை ஜிஎஸ்டியுடன் திரும்ப வரவு வைக்கவும். அறிவிப்பு அனுப்பியிருந்தால் அதன் தேதியையும் நகலையும் தரவும்."

கடைசி வரியை விட்டுடாதீங்க, அனுப்பினோம்னு சொல்றவங்க அதைக் காட்டணும். ஜெராக்ஸ் ஒண்ணுல சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்க, தரமாட்டேன்னா ரெஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க, இல்ல பேங்க் வெப்சைட்ல புகார் பதிஞ்சு அந்த நம்பரை எழுதி வைங்க. முப்பது நாள்ல பதில் வரலன்னாலோ, வந்த பதில் சரியில்லன்னாலோ ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட (பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அதிகாரி) போகலாம், சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன், இலவசம்தான், வக்கீல் தேவையில்ல. விவரம் கேக்க 14448க்கு போன் பண்ணா தமிழ்லயே பேசலாம். பேங்க்ல முதல்ல எழுதிக் கொடுக்காம நேரா அங்க போனா தள்ளுபடி ஆயிடும், அவசரப்பட்டு நிறைய பேர் இந்த இடத்துலதான் சறுக்கறாங்க. ஏற்கெனவே கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ் போட்டிருந்தாலும் எடுத்துக்க மாட்டாங்க. இழுத்தடிச்சு வருஷக் கணக்கா விடாதீங்க, காலக்கெடு இருக்கு.

கஸ்டமர் கேர் நம்பரை கூகுள்ல தேடி கூப்பிடாதீங்க. போலி நம்பருங்க நிறைய சுத்துது, சார்ஜை ரீஃபண்ட் பண்றோம், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க, ஓடிபி சொல்லுங்கன்னு ஆரம்பிச்சு மொத்த காசையும் வழிச்சிடுவாங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கற நம்பர், பாஸ்புக்ல இருக்கற நம்பர், அது மட்டும்தான். ஏமாந்துட்டா உடனே 1930.

காசு திரும்பி வந்ததுன்னு மெசேஜ் வந்தா ஸ்டேட்மெண்ட் எடுத்து டேலி பண்ணுங்க. சார்ஜை மட்டும் போட்டுட்டு ஜிஎஸ்டியை விட்டிருப்பாங்க, இல்ல ஆறு மாசம் பிடிச்சதுல கடைசி ரெண்டு மாசத்தை மட்டும் போட்டிருப்பாங்க. அப்படி இருந்தா அதே புகார் நம்பரைக் குறிப்பிட்டு மிச்சத்தையும் எழுதிக் கேளுங்க.