லேப்ராஸ்கோபி ஆபரேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்குக் கர்ப்பப்பையை லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் ஆபரேஷனில், எடுத்தார்கள். 9ஆம் நாள் எட்டிப் பார்த்தால், 20 லிட்டர் தண்ணீர்க் கேனை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார். "மூணு பிளாஸ்திரிதானே கண்ணு, ஆறிடுச்சு" என்றார். பதறிப்போய் வாங்கி வைத்தேன்.

வெளியே தெரிவது சின்னத் துளைதான். ஆனால் கர்ப்பப்பையை எடுத்த இடத்தில், பிறப்புறுப்பின் மேல்முனையில், உள்தையல் இருக்கிறது. அது பிரிந்தால் மறுபடி ஆபரேஷன்தான். குறைந்தது 6 வாரத்துக்குக் கனம் தூக்குவதும் தாம்பத்தியமும் வேண்டாம். அப்புறமும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே. அதற்காகப் படுத்தே கிடக்காதீர்கள், காலில் ரத்தம் உறையக்கூடும். வீட்டுக்குள் மெல்ல நடங்கள்.

தோள்பட்டை வலித்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடின் வேலை அது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். பயப்பட வேண்டிய வலி வேறு. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், காய்ச்சலோ வாந்தியோ வயிறு உப்பலோ சேர்ந்தால், "கேஸ்தான்" என்று ஓமத்தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். குடலில் பட்ட காயம் சில நாள் கழித்துத்தான் தலைகாட்டும். நடுராத்திரியானாலும் கிளம்புங்கள்.

சரி, ஆபரேஷனே தேவையா? மாதவிடாய் வரும் வயதில், சினைப்பையில் 5 செ.மீ.க்குக் குறைவான வெறும் நீர்க்கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே கரையும். தொந்தரவு தராத ஃபைப்ராய்டை (கர்ப்பப்பையில் வளரும் சதைக்கட்டி) சும்மா விடலாம். ரத்தப்போக்கு அதிகமென்றால் மாத்திரை உண்டு, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. கர்ப்பப்பையின் உள்பக்கம் துருத்தும் கட்டியைப் பெரும்பாலும் ஹிஸ்டரோஸ்கோபியில், அதாவது பிறப்புறுப்பு வழியாகக் கேமராக் குழாயை உள்ளே விட்டு, வயிற்றில் துளையே போடாமல் எடுக்கலாம். இதையெல்லாம் கேட்காமல், "ரெண்டு பிள்ளை ஆச்சு, எடுத்துடுங்க டாக்டர்" என்று நாமே சொல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்க வேண்டுமென்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பதாகச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். இரண்டும் போனால் மாதவிடாய் நிற்கும் வயதுக்கு முன்பே உடல் சூடும் எலும்புத் தேய்மானமும் வரும்.

எடுத்த திசுவின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தலையாட்டிவிட்டு வராமல், வரி வரியாகத் தமிழிலோ கன்னடத்திலோ சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நர்ஸ்களில் யாருக்காவது தமிழ் தெரிந்திருக்கும்.